கையைக் கடிக்காத வீட்டு இணையம்: முதன்முறை இணைப்பு எடுப்பவர்களுக்கு

வீட்டுக்குப் புதிதாக பிராட்பேண்ட் எடுக்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை எம்பிபிஎஸ் எடுக்கலாம்?" என்பதைத்தான். ஒரு வினாடிக்கு எத்தனை மெகாபிட் என்ற வேகக் கணக்கு அது. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். எண் பெரிதாகவும் மாதக் கட்டணம் சிறிதாகவும் இருந்த ஒரு பிளானைப் பிடித்தேன். ஒரு வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டினால் இரண்டு மாதம் இலவசம் என்றார்கள், கட்டிவிட்டேன். மூன்றாவது மாதம் லைன் அறுந்தது. ஆள் வந்து பார்க்க 11 நாள் ஆனது. அந்த 11 நாளும் என்னுடைய 200 எம்பிபிஎஸ் வெறும் பூஜ்யம். மொபைல் டேட்டாவுக்குத் தனியாகச் செலவழித்துக்கொண்டு, வருஷப் பணம் உள்ளே மாட்டிக்கொண்டதால் வேறு இணைப்புக்கும் மாற முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு யார் யோசனை கேட்டாலும் வேகத்தில் நான் ஆரம்பிப்பதில்லை. அறுந்தால் யார் வருவார்கள், எத்தனை நாளில் வருவார்கள் என்று விசாரிக்கச் சொல்கிறேன். கையில் காசு இருப்பவர் இரண்டு இணைப்பு வைத்துக்கொள்வார். ஒன்று படுத்தால் இன்னொன்று. செலவைப் பார்த்து எடுப்பவருக்கு அந்த வசதி கிடையாது. எடுக்கிற ஒன்று ஒழுங்காக ஓட வேண்டும்.

முதலில், இணைப்பு தேவையா என்று பாருங்கள்

தனியாக இருப்பவர், வேலை முழுக்க வெளியில், வீட்டுக்கு வந்தால் ஃபோனில் கொஞ்சம் வீடியோ. அவ்வளவுதான் என்றால் ஃபோன் பிளானை ஒரு படி உயர்த்தி ஹாட்ஸ்பாட் போட்டுக்கொள்வதே மலிவாக முடியலாம். ஃபோன் செட்டிங்ஸில் போன மாதம் எத்தனை ஜிபி செலவானது என்று இருக்கும். அதைப் பார்த்தாலே விடை தெரிந்துவிடும். ஹாட்ஸ்பாட்டுக்கென்று தனி வரம்பு வைத்திருக்கிறார்களா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் இரண்டு பேருக்கு மேல் இருந்தாலோ, டிவியில் படம் ஓடினாலோ, வீட்டிலிருந்து வேலை செய்தாலோ இந்தக் கணக்கு உடைந்துவிடும்.

எவ்வளவு வேகம் போதும்?

ஒரு தாளை எடுத்து, உங்கள் வீட்டில் இணையம் அதிகமாகப் புழங்கும் ஒரு மணி நேரத்தை நினைத்துப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் அது ராத்திரி எட்டிலிருந்து பத்துக்குள் இருக்கும். அந்த நேரத்தில் யார் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்று எழுதுங்கள்.

டிவியில் ஃபுல் எச்டி படம் ஓட 5 எம்பிபிஎஸ் போதும். 4கே என்றால் 15 முதல் 25 வரை வேண்டும். தெளிவான வீடியோ காலுக்கு 2 முதல் 4, அதுவும் போகும் திசையிலும் வரும் திசையிலும். பாட்டு கேட்பதற்கு அரை எம்பிபிஎஸ் கூட ஆகாது. ஆன்லைன் கேம் விளையாடுவதற்கு 1 போதும் என்றால் பலர் நம்ப மாட்டார்கள். கேமை டவுன்லோடு செய்யும்போதுதான் அது டேட்டாவைத் தின்னும். ஆடும்போது அதற்கு வேண்டியது தாமதமில்லாத லைன்.

இப்போது கூட்டுங்கள். டிவியில் ஒரு படம் 5, பக்கத்து அறையில் ஒரு வீடியோ கால் 4, ஒருவர் ஃபோனில் வீடியோ பார்க்க 3, இன்னொருவர் கேம் 1. மொத்தம் 13. ஃபோன்கள் பின்னணியில் அப்டேட் இறக்கும், யாராவது ஒரு ஃபைலை இழுப்பார்கள் என்று அதை இரண்டாகப் பெருக்கினாலும் 26தான். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 40, 50 எம்பிபிஎஸ் ஒழுங்காக வந்தால் தாராளம். 300 எடுத்தால் அந்த டிவி படம் 300 வேகத்தில் ஓடாது. அதே 5ஐத்தான் எடுத்துக்கொள்ளும்.

பெரிய வேகம் உண்மையில் கைகொடுப்பது டவுன்லோடுக்குத்தான். அதற்கும் ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். எம்பிபிஎஸ் என்பதில் இருப்பது மெகாபிட். ஃபைல் அளவில் இருப்பது மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆகவே 100 எம்பிபிஎஸ் லைனில் ஒரு வினாடிக்கு இறங்குவது 12.5 மெகாபைட். "நூறு என்று சொன்னார்கள், பன்னிரண்டுதான் காட்டுகிறது, ஏமாற்றிவிட்டார்கள்" என்று சண்டைக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். லைன் சரியாகத்தான் இருந்திருக்கிறது. 5 ஜிபி ஃபைல் ஒன்று 50 எம்பிபிஎஸ் லைனில் 13 நிமிடத்துக்கு மேல் எடுக்கும், 100இல் 7 நிமிடத்துக்குள் முடியும், 300இல் இரண்டே கால் நிமிடம். மாதத்தில் எத்தனை முறை இப்படி இறக்குகிறீர்கள்? அந்தப் பத்து நிமிடத்தைக் காத்திருக்க முடியாதா? முடியும் என்றால் சின்ன பிளானே போதும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். அது அப்லோடு. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது வரும் வேகம். போகும் வேகம் சில பிளான்களில் அதில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். 40 ஜிபி ஃபோட்டோக்களை 5 எம்பிபிஎஸ் அப்லோடில் கிளவுடுக்கு ஏற்றினால் 18 மணி நேரம் ஆகும். 50இல் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வீட்டிலிருந்து மீட்டிங்கில் பேசுபவருடைய முகம் எதிர்முனையில் கட்டம் கட்டமாக உடைவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். கிளவுடில் பதிவாகும் கண்காணிப்புக் கேமரா வைத்திருந்தால் அதுவும் இரவு பகலாக அப்லோடைத்தான் தின்னும். அதனால் "அப்லோடு எவ்வளவு?" என்று தனியாகக் கேளுங்கள். ஃபைபரில் இரண்டு பக்கமும் ஒரே வேகம் தருகிற பிளான்கள் நிறைய உண்டு.

உங்கள் வாசலுக்கு வருவது என்ன லைன்?

உலகத்தில் எத்தனையோ நிறுவனங்கள் இருக்கலாம். உங்கள் வாசல்வரை கம்பி இழுத்திருப்பது இரண்டோ மூன்றோதான். அதனால் கம்பெனிப் பெயரைப் பார்ப்பதற்கு முன்னால் லைன் எந்த வகை என்று பாருங்கள்.

ஃபைபர் கிடைத்தால் வேறு யோசனையே வேண்டாம், அதை எடுங்கள். ஒளி போகும் கண்ணாடி இழை அது. மின்னல், மழை, தூரம் என்று மற்ற லைன்களைப் படுத்துவது எதுவும் அதை அவ்வளவாகத் தொடாது. ஒன்றை மட்டும் விசாரியுங்கள்: ஃபைபர் வீட்டுக்குள் வரைக்கும் வருகிறதா, இல்லை கட்டிடத்தின் கீழே பெட்டிவரை வந்து அங்கிருந்து சாதாரண வயராக மாறுகிறதா? இரண்டையும் "ஃபைபர்" என்றுதான் விற்பார்கள்.

கேபிள் டிவி வயரில் வரும் இணைப்பும் நல்ல வேகம் தரும். ஆனால் அப்லோடு குறைவாக இருக்கும், சுற்றுவட்டாரம் முழுக்க ஒரே கேபிளைப் பகிர்வதால் ராத்திரியில் மந்தமாகலாம். பழைய தொலைபேசிச் செம்புக் கம்பியில் வரும் டிஎஸ்எல் இணைப்புக்குத் தூரம்தான் எதிரி. அதில் ஏடிஎஸ்எல்2+ என்ற வகை அதிகபட்சமாக 24 எம்பிபிஎஸ் தரும். எக்ஸ்சேஞ்சிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருந்தால் அதில் பாதிகூட வராது. வேறு வழியில்லாத இடத்தில் எடுக்கலாம்.

4ஜி, 5ஜி சிம் போட்ட வீட்டு ரௌட்டர் (இணையத்தை வைஃபையாகப் பரப்பும் பெட்டி) வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு வசதி. துளை போட வேண்டாம், வீடு மாறினால் கையோடு எடுத்துக்கொண்டு போகலாம். அதே நிறுவனத்தின் சிம்மை யாரிடமாவது வாங்கி, உங்கள் ஃபோனில் போட்டு, ரௌட்டர் வைக்கப்போகும் அதே ஜன்னலோரத்தில் ராத்திரி ஒன்பது மணிக்குச் சோதித்துவிட்டு முடிவெடுங்கள். பகல் பதினொரு மணிக்குச் சோதித்தால் எல்லா டவரும் நல்ல டவர்தான்.

செயற்கைக்கோள் இணைப்பு கடைசி வழி. பழைய முறையில் செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும். சிக்னல் போய்த் திரும்பவே அரை வினாடிக்கு மேல் ஆகிவிடும். வீடியோ காலில் ஒருவர் பேசி முடித்த பிறகும் அடுத்தவர் காத்திருப்பது போலவே இருக்கும். சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் புதிய வகையில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் பல இடங்களில் டிஷ்ஷின் விலையே பெரிய தொகை. கம்பியும் டவரும் எட்டாத இடத்தில் இருப்பவர் மட்டும் யோசிக்கலாம்.

பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்வேன் என்றால், இதைச் செய்யுங்கள். இணையத்தில் இருக்கும் நட்சத்திர மதிப்பீடுகள் ஊர் முழுக்க உள்ளவர்களின் கோபமும் மகிழ்ச்சியும் கலந்த கூட்டு. உங்கள் தெருவில் கம்பி எந்தக் கம்பத்தில் தொங்குகிறது, அதைப் பார்க்க வருகிற லைன்மேன் எப்படிப்பட்டவர் என்பது அதில் இருக்காது. ஒரே நிறுவனம் ஒரு தெருவில் பிரமாதமாகவும் அடுத்த தெருவில் படுமோசமாகவும் இருப்பது சகஜம்.

அதே கட்டிடத்தில், அல்லது நான்கு வீடு தள்ளி, ஏற்கெனவே இணைப்பு வைத்திருக்கும் இரண்டு மூன்று பேரிடம் பேசுங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்டால் "பரவாயில்ல" என்று ஒரு பதில் வரும், அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. இப்படிக் கேளுங்கள்: கடைசியாக எப்போது நின்றது? எத்தனை மணி நேரத்தில் வந்தது? கஸ்டமர் கேருக்கு அழைத்தீர்களா, லைன்மேனை நேராகவே அழைத்தீர்களா? ராத்திரியில் படம் நின்று நின்று ஓடுமா? பில்லில் சொல்லாத தொகை எப்போதாவது வந்ததா?

முடிந்தால் அவர் வீட்டிலேயே ராத்திரி ஒரு முறை ஸ்பீட் டெஸ்ட் போட்டுப் பாருங்கள். ரௌட்டருக்குப் பக்கத்தில் நின்று போட வேண்டும். ராத்திரி ஏன் என்றால், லைன் பகிரப்படுவது. பரவலாக உள்ள ஜிபான் வகை ஃபைபரில் ஒரு இழையின் சுமார் 2.5 ஜிகாபிட்டை 32 அல்லது 64 வீடுகள்வரை பங்கு போட்டுக்கொள்ளும். எல்லோரும் ஒரே நொடியில் முழு வேகத்தில் இழுப்பதில்லை என்பதால் இது பொதுவாகப் பிரச்சினை ஆகாது. நிறுவனம் அதற்கு மேலே உள்ள பொதுப் பாதையில் கஞ்சத்தனம் செய்திருந்தால்தான் பிரச்சினை. அது மத்தியானத்தில் தெரியாது, ராத்திரியில் பல்லைக் காட்டிவிடும்.

விளம்பரங்களிலேயே மிக நேர்மையான சொல் "வரை" என்பது. "100 எம்பிபிஎஸ் வரை" என்று போட்டிருந்தால், அதற்குமேல் வராது என்று மட்டும்தான் உறுதி கொடுக்கிறார்கள்.

உண்மையான விலை எவ்வளவு?

மாதக் கட்டணத்தை ஒப்பிடாதீர்கள். பன்னிரண்டு மாதத்துக்கு உங்கள் பையிலிருந்து மொத்தம் எவ்வளவு போகும் என்று ஒப்பிடுங்கள். நாணயத்தின் பெயர் இல்லாமல் வெறும் எண்ணாகவே ஒன்றைப் போட்டுப் பார்ப்போம்.

முதல் பிளான்: மாதம் 50 என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். கீழே பொடி எழுத்தில், ஆறு மாதத்துக்குப் பிறகு 80. ரௌட்டர் வாடகை மாதம் 10. இணைப்புக் கட்டணம் 100. ஒரு வருடத்துக்கு 300, அப்புறம் 480, வாடகை 120, அந்த 100. ஆக மொத்தம் 1000.

இரண்டாவது பிளான்: மாதம் 75. ரௌட்டர், இணைப்பு இரண்டும் சேர்த்தி. வருடத்துக்கு 900.

விளம்பரத்தில் 50க்கும் 75க்கும் நடுவே எது மலிவு என்று யாரும் யோசிக்க மாட்டார்கள். கூட்டிப் பார்த்தால் 75தான் மலிவு. இரண்டாம் வருடத்தில் இன்னும் மோசம்: முதல் பிளான் மாதம் 90, இரண்டாவது அதே 75.

இந்தக் கணக்கில் சேர்க்க மறந்துபோகிறவை சில உண்டு. வரி சேர்ந்த விலையா, தனியா என்பது ஒன்று. திரும்பக் கிடைக்கும் டெபாசிட் எது, கிடைக்காத கட்டணம் எது என்பது இன்னொன்று. குறைந்தது இத்தனை மாதம் இருந்தே ஆக வேண்டும் என்ற ஒப்பந்தம் இருந்தால், நடுவில் விலகினால் என்ன தண்டம் என்பதையும் கேளுங்கள். வாடகை வீட்டில் இருப்பவர், வீடு மாறினால் இணைப்பையும் மாற்றிக்கொடுப்பார்களா, அதற்கு எவ்வளவு என்று இப்போதே கேட்டுவிட வேண்டும்.

டேட்டா வரம்பும் விலைதான். "அன்லிமிடெட்" என்ற வார்த்தைக்குக் கீழே நியாயப் பயன்பாட்டு வரம்பு என்று ஒரு எண் இருக்கும். அதைத் தாண்டினால் லைன் நிற்காது, வேகம் 1, 2 எம்பிபிஎஸ் என்று தவழும். எச்டி படம் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை எடுக்கும், 4கே என்றால் 7 ஜிபி வரை. டிவி தினமும் மூன்று மணி நேரம் எச்டியில் ஓடினால் அது மட்டுமே மாதத்துக்கு 270 ஜிபி. ஃபோன்கள், லேப்டாப், அப்டேட்கள் எல்லாம் சேர்த்தால் ஒரு குடும்பம் 500 ஜிபியைத் தொடுவது பெரிய விஷயமில்லை. வரம்பு 200 ஜிபி என்றால் மாதத்தின் பாதியில் சண்டை வரும். ஆயிரத்துக்கு மேல் என்றால் கவலையை விடுங்கள்.

படம் பார்க்கும் ஆப்களைச் சேர்த்துக் கொடுக்கும் பிளான்கள் கவர்ச்சியாக இருக்கும். அந்த ஆப்களுக்கு நீங்கள் இப்போதே தனியாகக் காசு கட்டிக்கொண்டிருந்தால் மட்டும் அது லாபம். "பதினைந்து ஆப் இலவசம்" என்பதில் பதினொன்றின் பெயரைக்கூட நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள்.

வருஷப் பணத்தை மொத்தமாகக் கட்டும் தள்ளுபடி நல்லதுதான், என் கதை உங்களுக்கு வராதவரை. முதலில் ஒரு மாதம், இரண்டு மாதம் என்று கட்டிப் பார்த்து, ஒரு முறையாவது லைன் பழுதாகி அவர்கள் வந்து சரிசெய்யும் அழகைப் பார்த்த பிறகு வருஷத்துக்குக் கட்டுங்கள். தள்ளுபடி அப்போதும் இருக்கும்.

இன்னொன்று, கேட்டால்தான் கிடைக்கும். குறைந்த வருமானக் குடும்பங்களுக்குச் சில நாடுகளில் சலுகைத் திட்டங்கள் உண்டு. அமெரிக்காவில் லைஃப்லைன், பிரிட்டனில் சோஷியல் டாரிஃப் என்று பெயர். தகுதி இருந்தும் பலர் அதை எடுப்பதில்லை, காரணம் யாரும் அதைப் பெரிதாக விளம்பரம் செய்வதில்லை. உங்கள் நாட்டில் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று விசாரித்துவிடுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன்னால் பேச வேண்டியவை

விற்பனையாளரிடம் வாயால் கேட்பதை அப்படியே மெசேஜிலும் கேளுங்கள். "நாம் பேசியபடி மாதக் கட்டணம் இவ்வளவு, வரி சேர்த்து, ரௌட்டர் வாடகை கிடையாது, ஒப்பந்தக் காலம் கிடையாது. சரிதானே?" என்று ஒரு வரி அனுப்பி, "ஆமாம்" என்று பதில் வாங்கி வைத்துக்கொண்டால் பின்னால் உதவும். பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் வாங்காமல் இருப்பதும் ஒரு சேமிப்புதான்.

99 சதவீதம் தடையில்லாத சேவை என்று சொன்னால் அசந்துவிடாதீர்கள். மீதி ஒரு சதவீதம் என்பது மாதத்துக்கு ஏழு மணி நேரத்துக்கு மேல். 99.9 என்றால் முக்கால் மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. சதவீதத்தை விட்டுவிட்டு, புகார் கொடுத்தால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார், ஞாயிற்றுக்கிழமை வருவாரா, இத்தனை நாளுக்கு மேல் லைன் இல்லையென்றால் பில்லில் கழிப்பீர்களா என்று கேளுங்கள்.

ஐபி முகவரி பற்றி ஒரு வார்த்தை. விலை குறைந்த இணைப்புகளில் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரியைக் கொடுப்பது வழக்கம். சிஜிநாட் என்று பெயர். படம் பார்க்க, வேலை செய்ய, பேச இது தடையே இல்லை. வீட்டுக் கணினியை வெளியிலிருந்து நேரடியாகத் தொடர்புகொள்ள வேண்டியவர்களுக்கும், சில பழைய கேமரா ரெக்கார்டர் வைத்திருப்பவர்களுக்கும்தான் தனி முகவரி வேண்டும். உங்களுக்கு அது ஏன் தேவை என்று தெரியவில்லை என்றால், அதற்குத் தனியாகக் காசு கட்டத் தேவையில்லை.

லைன் போட வரும் நாள்

அன்றைக்கு வீட்டில் இருங்கள். லைன் போட வருபவருக்கு அடுத்த வீடு காத்திருக்கும். கம்பி எந்த ஜன்னல் வழியாக உள்ளே வருகிறதோ அங்கேயே ரௌட்டரை மாட்டிவிட்டுக் கிளம்பத்தான் அவர் பார்ப்பார். என் வீட்டில் முதல் முறை அப்படித்தான், டிவிக்குப் பின்னால், இரும்பு அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே போனது. ஹாலில் 90, இரண்டு சுவர் தாண்டிப் படுக்கையறையில் 8. லைனைத் திட்டிக்கொண்டே ஆறு மாதம் ஓட்டினேன். பிறகு ஒரு நாள் ரௌட்டரை நடுக் கூடத்தில் அலமாரியின் மேல் தட்டுக்கு மாற்றினேன். அதே பிளான், அதே ரௌட்டர், படுக்கையறையில் 40 வந்தது. அதற்குள் பெரிய பிளானுக்கு மாறியிருந்தால் அந்தக் காசு முழுக்கத் தண்டம்.

ஆகவே வீட்டின் நடுவில், தரையிலிருந்து நான்கைந்து அடி உயரத்தில், இரும்பு, கண்ணாடி, மீன்தொட்டி, மைக்ரோவேவ் அடுப்பு இவற்றிலிருந்து தள்ளி ஓர் இடத்தை முன்கூட்டியே பார்த்து வையுங்கள். அங்கே மின்பிளக் இருக்கிறதா என்றும் பாருங்கள். கம்பி இன்னும் ஐந்து மீட்டர் கூடுதலாக வேண்டும் என்று அன்றே கேட்டால் பெரும்பாலும் சும்மாவே இழுத்துத் தருவார்கள். மறுநாள் கேட்டால் அது தனி வேலை, தனி காசு.

ஃபைபர் கம்பியை அவர் சுவர் மூலையில் எப்படித் திருப்புகிறார் என்று கவனியுங்கள். செம்பு வயரைப் போல அதை நறுக்கென்று மடக்கக் கூடாது. மடிப்பில் ஒளி கசியும், லைன் விட்டு விட்டு வரும். மீதிக் கம்பியைப் பெரிய வளையமாகச் சுற்றி வைக்கச் சொல்லுங்கள். ஃபைபர் கம்பி வந்து சொருகும் பெட்டியில் எல்ஓஎஸ் என்று ஒரு சின்ன விளக்கு இருக்கும். அது அணைந்திருந்தால் நல்லது. சிவப்பாக எரிந்தாலோ மின்னினாலோ ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம். பின்னாளில் லைன் நின்றால் கஸ்டமர் கேரில் "ரௌட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்று அரை மணி நேரம் இழுப்பார்கள். "எல்ஓஎஸ் சிவப்பா இருக்கு" என்று சொல்லிப் பாருங்கள், பேச்சு உடனே லைன்மேனை அனுப்புவதற்குப் போகும்.

அவர் கிளம்புவதற்கு முன்னால் லேப்டாப்பை வயர் வழியாக ரௌட்டரில் சொருகி ஸ்பீட் டெஸ்ட் போடுங்கள். வைஃபையில் போட்டால் குறை லைனிலா வைஃபையிலா என்று தெரியாது. 200 எம்பிபிஎஸ் பிளான் எடுத்தும் வயரில் 94ஐத் தாண்டவில்லை என்றால் ரௌட்டரின் போர்ட்டோ, லேப்டாப்பின் போர்ட்டோ, நடுவில் இருக்கும் வயரோ பழைய 100 எம்பிபிஎஸ் வகை. ரௌட்டர்தான் காரணம் என்றால் அங்கேயே மாற்றச் சொல்லுங்கள்.

வைஃபையில் பொதுவாக இரண்டு அலைவரிசை இருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டித் தூரம் போகும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் அதிகம், சுவருக்குப் பயப்படும். டிவியும் லேப்டாப்பும் பக்கத்தில் இருந்தால் 5இல் போடுங்கள். கடைசி அறை ஃபோனுக்கு 2.4. ரௌட்டர் கொடுத்தவர் வைத்துவிட்டுப் போன பாஸ்வேர்டுகளை மாற்றிவிடுங்கள். வைஃபைக்கு ஒன்று, ரௌட்டரின் உள்ளே நுழைவதற்கு ஒன்று என இரண்டு இருக்கும். இரண்டாவதைப் பெரும்பாலோர் மறந்துவிடுவார்கள்.

கரண்ட் அடிக்கடி போகும் இடமென்றால், ஃபைபர் நன்றாக இருந்தாலும் உங்கள் பெட்டிக்கு மின்சாரம் இல்லாமல் இணையம் வராது. ரௌட்டருக்கென்றே விற்கும் சின்ன மினி யுபிஎஸ் ஒன்று போதும். வாங்குவதற்கு முன்னால் அடாப்டரில் 12 வோல்ட்டா 9 வோல்ட்டா, எத்தனை ஆம்பியர் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஃபைபர் பெட்டியும் ரௌட்டரும் தனித்தனி என்றால் இரண்டுக்கும் சேர்த்து வேண்டும்.

முதல் மாதம்

முதல் இரண்டு வாரம், தினமும் ராத்திரி ஒரே நேரத்தில் ஒரு ஸ்பீட் டெஸ்ட். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். வேகத்தோடு பிங் என்று ஓர் எண் வரும். லைனின் தாமதத்தைக் காட்டுவது அது, மில்லிசெகண்டில் இருக்கும். 50க்குள் இருந்தால் காலும் கேமும் நன்றாக ஓடும். ஒரு நாள் குறைந்தால் விட்டுவிடுங்கள். நாலு நாள் தொடர்ந்து பாதிக்குக் கீழே இருந்தால் புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்கி எழுதி வையுங்கள். வாயால் சொன்ன புகாருக்கு எண் இல்லை என்றால் அப்படி ஒரு புகாரே இல்லை.

லைன்மேனின் ஃபோன் நம்பரையும் வாங்கிக்கொள்ளுங்கள். அதை வைத்துக்கொண்டு நேராக அவரையே அழைக்கலாம், ஆனால் கஸ்டமர் கேரிலும் பதிவு செய்துவிட்டு அழையுங்கள். பில்லில் நாள் கழிக்கச் சொல்லும்போது பதிவுதான் பேசும்.

சரிவராவிட்டால் மாறுவது

புதிய இணைப்பு வந்து, ஒரு வாரம் ஓடிய பிறகு பழையதை நிறுத்துங்கள். இரண்டு இணைப்புக்கும் சேர்த்து ஒரு மாதம் கட்ட வேண்டி வந்தாலும் பரவாயில்லை. தானாகப் பணம் எடுக்கும் வசதியைக் கொடுத்திருந்தால் அதை வங்கிப் பக்கமும் ரத்து செய்யுங்கள். நிறுத்துகிறேன் என்று சொன்னதும் கஸ்டமர் கேரில் திடீரென்று ஒரு மலிவான பிளான் முளைக்கும். லைன் நன்றாக இருந்து விலைதான் பிரச்சினை என்றால் அதை எடுத்துக்கொள்ளலாம், நான் இரண்டு முறை அப்படி எடுத்திருக்கிறேன். லைனே பிரச்சினை என்றால் வேண்டாம்.

ரௌட்டர் அவர்களுடையது என்றால் அடாப்டரோடு திருப்பிக் கொடுத்து, அதன் சீரியல் நம்பர் எழுதிய ரசீது வாங்குங்கள். கொடுப்பதற்கு முன்னால் ரௌட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் அந்த நம்பரை ஒரு ஃபோட்டோ எடுத்துக்கொண்டால், டெபாசிட் கேட்கப் போகும்போது "நீங்கள் திருப்பியே கொடுக்கவில்லையே" என்ற பேச்சுக்கு இடமிருக்காது.